கார்க் கண்ணாடி துடைக்க வீட்டுக் கலவையா, கடைப் பாட்டிலா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரில் நாலைந்து சொட்டை எடுத்துக் காரின் பக்கக் கண்ணாடியில் விட்டு, வெயிலில் காயவிட்டுப் பாருங்கள். சொட்டு இருந்த இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டதுபோல வெள்ளை வளையம் நின்றால், அந்தத் தண்ணீரில் கலக்கும் எந்தக் கலவையும் கண்ணாடியைத் தெளிவாக்காது. சம்பை ஊற்றுத் தண்ணீருக்குப் பேர்போன காரைக்குடியிலேயே தெருவுக்குத் தெரு ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு மாறுகிறது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலித்த கலவை நமக்கும் பலிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. கடையில் வாங்கும் திரவத்துக்கு இருக்கும் பெரிய அனுகூலம் இங்கேதான் இருக்கிறது: உப்பு நீக்கிய தண்ணீரில் அது அளவாகக் கலக்கப்பட்டு வருகிறது.

வீட்டிலேயே கலக்க விரும்புகிறவர்களுக்கும் உப்பில்லாத தண்ணீர் எட்டாத பொருள் அல்ல. வளவு முற்றத்தில் ஓட்டிலிருந்து விழும் மழைநீரை அண்டாவில் பிடிக்கும் வழக்கம் உள்ள வீடுகளில், ஓட்டுத் தூசியைக் கழுவிக்கொண்டு வரும் முதல் மழையை விட்டுவிட்டுப் பிறகு பிடித்த தண்ணீரைத் துணியில் வடிகட்டி வைத்துக்கொள்ளலாம். வீட்டு ஏசியின் குழாயில் சொட்டும் நீரிலும் உப்பு மிகக் குறைவு. இரண்டும் இல்லையென்றால் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். கடைக்காரரிடம் கேட்கும்போது பேட்டரி ஆசிட் அல்ல, தண்ணீர் என்பதைத் தெளிவாகச் சொல்லி வாங்க வேண்டும்.

அடுத்து, கண்ணாடியில் இருப்பது என்ன அழுக்கு என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வெளிப்புறமும் உட்புறமும் ஒரே மருந்தில் தீர்வதில்லை. வெளியே படிவது செம்மண் தூசியும் உப்புக் கறையும். பிள்ளையார்பட்டியில் வண்டிக்குப் பூஜை போட்டுத் திரும்பியவர்களுக்குச் சந்தனமும் குங்குமமும் கூடுதல் வரவு. இவற்றைக் காய்ந்த துணியால் தேய்ப்பது பெருந்தவறு, ஏனெனில் செம்மண்ணில் உள்ள மணல் துகள்கள் கண்ணாடியில் நுண்ணிய கீறல்களை உண்டாக்கிவிடும். முதலில் தண்ணீரை ஊற்றி மண்ணை வடியவிட வேண்டும்; காய்ந்த சந்தனத்தின் மேல் ஈரத்துணியைப் போர்த்திச் சற்று ஊறவிட்டால் தானாகக் கழன்று வரும்.

மண் போன பிறகும் நிற்கும் வெள்ளைப் புள்ளிகளுக்கு வீட்டுக் கலவையே சிறந்தது. மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் ஏறத்தாழ 4 முதல் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் உண்டு. அது சுண்ணாம்பு உப்பைக் கரைக்கும். சம அளவு தண்ணீர் சேர்த்த வினிகரில் துணியை நனைத்து, கறைமேல் ஓரிரு நிமிடம் ஒட்டி வைத்துத் துடைத்தபின், நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். அப்படியும் போகாத கறை ஆண்டுக்கணக்கில் ஊறிக் கண்ணாடியையே அரித்தது என்று கொள்ளலாம். அதற்குச் சீரியம் ஆக்சைடு என்னும், கண்ணாடியை மெருகேற்றும் நுண்பொடி கொண்ட பாலிஷ் தேவைப்படும். குளியலறை கழுவும் ஆசிட்டை மட்டும் வண்டியருகே கொண்டு வரவே வேண்டாம், ஏனென்றால் பெயின்ட்டும் குரோம் பட்டைகளும் பாழாகிவிடும்.

வினிகரைப் பற்றி ஓர் எச்சரிக்கையை என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஆச்சி வீட்டு முகப்பில் வண்டியை நிறுத்தி இந்த வேலையைச் செய்தபோது, கண்ணாடியிலிருந்து வழிந்த வினிகர் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் நின்றுவிட்டது. ஆத்தங்குடிக் கல்லின் மினுமினுப்பே அதைக் கண்ணாடித் தகட்டின் மேல் வார்ப்பதால் வருவது. ஆனால் உடம்பு சிமென்ட், அதற்கும் அமிலத்துக்கும் ஆகாது. உள்ளங்கையளவு இடம் பளபளப்பு இழந்து, இன்றும் ஆச்சி அதைச் சுட்டிக்காட்டாமல் எனக்குக் காப்பி கொடுப்பதில்லை. வண்டியைத் தெருவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

உட்புறத்தின் கதை வேறு. டாஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் சூடாகும்போது வெளியேறும் ஆவி, மூச்சுக் காற்று, கைரேகை எல்லாம் சேர்ந்து முன்கண்ணாடியின் உள்ளே மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படிகின்றன. பகலில் கண்ணுக்குத் தெரியாத இந்தப் படலம், மாலையில் காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டிப் பக்கம் மேற்கே போகும்போதோ, இரவில் திருமயம் தாண்டி எதிரே லாரி விளக்கு அடிக்கும்போதோ கண்ணாடி முழுவதையும் பால் ஊற்றியதுபோல ஆக்கிவிடும். எண்ணெயை வினிகர் அசைக்காது, ஆல்கஹால் அசைக்கும். கால் லிட்டர் உப்பில்லாத தண்ணீர், கால் லிட்டர் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் (கிருமிநீக்கத்துக்குப் பயன்படும் ஆல்கஹால்), 15 மில்லி வினிகர் என்பது நம்பகமான அளவு. ஆனால் உட்புறத்துக்கு மட்டும் என் வாக்கு கடைப் பாட்டிலுக்கே: எண்ணெயைப் பிரித்தெடுக்கும் பொருள்கள் அதில் திட்டமான அளவில் இருக்கின்றன, வேலையும் பாதியாகிறது. ஆல்கஹாலையும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம் என்பதால், மிச்சமாகும் பணமும் பெரிதாக இல்லை.

கடையில் வாங்கும்போது பார்க்க வேண்டியது அம்மோனியா இல்லாதது என்ற குறிப்பு. கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டியிருந்தால் அம்மோனியா நாளடைவில் அதை நிறம் மங்கச் செய்து உரித்துவிடும். கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012இல் உத்தரவிட்ட பிறகும் ஒட்டிய வண்டிகள் ஓடத்தான் செய்கின்றன. தொழிற்சாலையிலேயே இளம்பச்சை ஏற்றிய கண்ணாடிக்கு இந்தக் கவலை இல்லை, நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருப்பதால். அம்மோனியா கலந்ததோடு பிளீச்சிங் கரைசலை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும். மழைநீர் ஒட்டாமல் ஓடச் செய்யும் பூச்சுத் திரவங்கள் வெளிப்புறத்துக்கு மட்டுமே உரியவை.

வீட்டில் சொல்லப்படும் வேறு சில யோசனைகளை விலக்கிவிடலாம். எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரை உண்டு, பிசுபிசுக்கும். வினிகரோடு சமையல் சோடாவைக் கலந்தால் நுரைப்பது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஒன்றையொன்று முறித்து, மிஞ்சுவது உப்புத் தண்ணீர்தான். மிச்சமிருக்கும் சானிடைசரில் பெரும்பாலும் கிளிசரினோ ஜெல் பொருளோ இருப்பதால் கண்ணாடியில் இழுக்கும்.

துணியில் மைக்ரோஃபைபருக்கு அடுத்தபடி, பலமுறை துவைத்துத் துவண்ட வேட்டி நல்லது, கஞ்சி போடாததாக இருந்தால். கஞ்சி போட்ட வேட்டி ஈரம் பட்டவுடன் மாவுப் படலத்தை விட்டுச் செல்லும். செய்தித்தாளின் மை கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரிலும் வெளிர்நிற உட்புறத்திலும் ஒட்டுகிறது, ஆகவே நான் விட்டுவிட்டேன்.

கண்ணாடி சூடாக இல்லாத காலை நேரத்தில், நிழலில் வேலையைத் தொடங்குங்கள். சூட்டில் திரவம் துடைப்பதற்குள் உலர்ந்து கோடு விழும். உள்ளே துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளித்துக்கொண்டால் டாஷ்போர்டிலும் மின் பொத்தான்களிலும் சிந்தாது. ஒரு துணியால் துடைத்து, உடனே உலர்ந்த மற்றொன்றால் மெருகேற்ற வேண்டும். பின்கண்ணாடியில் சூடாக்கும் கம்பிக்கோடுகள் இருந்தால் கோட்டின் போக்கிலேயே துடைக்க வேண்டும். மற்றக் கண்ணாடிகளை உள்ளே மேலிருந்து கீழாகவும், வெளியே இடமிருந்து வலமாகவும் துடைத்தால், பிறகு தெரியும் கோடு எந்தப் பக்கத்தது என்று அதன் திசையே சொல்லிவிடும்.

ஆல்கஹால் கலந்த பாட்டில் எளிதில் தீப்பற்றும், ஆகவே அதைச் சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைக்காமல், குடிதண்ணீர் பாட்டிலிலும் ஊற்றாமல், மேலே பெயர் எழுதி அடுப்படிக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.