தலைக்காயத்துக்குப் பிறகு: ஊரிலேயே ஓர் ஆதரவுக் குழு தொடங்க

தலையில் அடிபட்டு வீடு திரும்பியவரைப் பார்க்க முதல் மாதம் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். தையல் ஆறி, முடி வளர்ந்ததும் "ஆளு நல்லாத்தானே இருக்கான்" என்று நின்றுவிடுவார்கள். மறதியும், சட்டென்று வரும் கோபமும், கொஞ்சம் பேசினாலே வரும் அசதியும் வெளியே தெரிவதில்லை. இவற்றை விளக்காமலே புரிந்துகொள்கிற நாலு பேர் வேண்டும். அப்படி ஒரு குழு அருகில் இல்லையென்றால், தொடங்குவது அவ்வளவு கடினமில்லை.

ஆள் சேர்க்க மூன்று இடங்கள் போதும்: நரம்பியல் புறநோயாளிப் பிரிவு, பிசியோதெரபி மையம், பேச்சுப் பயிற்சி தருபவர். நோயாளிகளின் எண்களைக் கேட்காதீர்கள், அங்கே வேலை செய்பவர்கள் தரவும் கூடாது. உங்கள் எண்ணை அட்டையில் எழுதிக் கொடுத்து, விருப்பமுள்ளவர்கள் அழைக்கட்டும். நாலு பேர் வந்தாலே தொடங்கலாம். எட்டைத் தாண்டினால் இரண்டாகப் பிரியுங்கள். பல குரல்கள் ஒரே நேரத்தில் கேட்டால் காயமடைந்த மூளைக்குப் பிரித்தறிவது கஷ்டம்.

இதே காரணத்தால் கல்யாண மண்டபம் வேண்டாம், எதிரொலிக்கும். தரைத்தளத்தில் சின்ன அறை, மினுக்காத விளக்கு, சத்தம் போடாத ஃபேன். நேரம் காலை 10:30. சாப்பாட்டுக்குப் பிறகென்றால் பாதிப் பேர் சோர்ந்துவிடுவார்கள். மாதத்தின் 2-ஆம், 4-ஆம் சனி என்று நாளை மாற்றாமல் வையுங்கள். முதல் நாள் மாலையும் அன்று காலையும் நினைவூட்டுங்கள்.

கூட்டம் ஒரு மணி நேரம், நடுவில் 10 நிமிட இடைவெளி. எல்லாருக்கும் பெரிய எழுத்தில் பெயர் அட்டை. அன்று பேசப்போவதைப் பலகையில் மூன்று வரியில் எழுதிவிடுங்கள். ஒரு பந்தைக் கையில் வைத்திருப்பவர் மட்டும் பேசலாம், இரண்டு நிமிடம். பேச்சு வராதவருக்கு நேரத்தைக் கூட்டுங்கள், வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீர்கள். உடன் வந்த மனைவியோ அம்மாவோ அவருக்காகப் பதில் சொல்லத் தொடங்குவார்கள்; அன்பாகத் தடுத்துவிடுங்கள்.

உற்சாகம் வருவது தன்னம்பிக்கைச் சொற்பொழிவால் அல்ல. "நீங்க நினைச்சா முடியும்" என்று கேட்டு வீட்டுக்குப் போய் முடியாமல் போனவருக்கு அது இன்னொரு அடி. வேலை கொடுங்கள்: ஒருவர் வருகைப்பதிவு எழுதட்டும், ஒருவர் டீ ஊற்றட்டும், ஒருவர் நேரம் பார்க்கட்டும். பிறகு ஒரே ஒரு கேள்வி: "போன மாசம் முடியாதது, இப்ப முடியுறது என்ன?" விபத்துக்கு முந்தைய வாழ்க்கையோடு ஒப்பிட்டால் ஏக்கம்தான் மிஞ்சும். பக்கத்து நாற்காலிக்காரரோடு ஒப்பிடுவதை முதல் நாளே தடை செய்யுங்கள். காயம் எந்த இடத்தில், எவ்வளவு என்பதைப் பொறுத்துத் தேறும் வேகம் மாறும்.

இன்னொரு தடை, மருந்து யோசனை. யாரோ சொன்னார்கள் என்று வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு திரும்ப வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். கூட்டத்தில் யாருக்காவது வலிப்பு வந்தால் இரும்பு, சாவி எதையும் கையில் திணிக்காதீர்கள், வாயிலும் எதுவும் வைக்காதீர்கள். தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108. யாராவது "இருந்து என்ன பிரயோஜனம்" என்று சொன்னால் அதைப் புலம்பல் என்று ஒதுக்காமல் தனியே அழைத்துப் பேசுங்கள், வீட்டாருக்குத் தெரியட்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம்.

பார்த்துக்கொள்பவர்களுக்குத் தனிக் கூட்டம் வேண்டும். அடிபட்டவர் எதிரில் அவர்கள் உண்மையைச் சொல்லமாட்டார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் ஃபார்வர்டு கூடாது; எழுத முடியாதவர்கள் குரல் பதிவு அனுப்பட்டும். இரண்டு கூட்டம் தொடர்ந்து வராதவரை போனில் கூப்பிடுங்கள். ஆட்டோ காசுதான் பிரச்சினையென்றால், அதே வழியில் வருகிற இன்னொருவரோடு சேர்த்துவிடலாம்.