சுண்டெலிக்கு நினைவிருக்கிறதா? நீர்த்தொட்டிச் சோதனை செய்யும் முறை

மறதிநோய்க்கான மருந்து நினைவைக் காக்கிறதா என்று பார்க்க, ரிச்சர்ட் மோரிஸ் 1981இல் எலிகளை வைத்து விவரித்த நீர்த்தொட்டிச் சோதனை இன்றும் கைகொடுக்கிறது. விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்த பிறகே தொடங்குங்கள்.

முதலில் நான்கு குழுக்கள்: இயல்பான சுண்டெலிகள், நோய் மாதிரிச் சுண்டெலிகள் (மறதிநோய் போன்ற குறைபாடு உண்டாக்கப்பட்டவை), புது மருந்து பெறும் நோய் மாதிரிகள், டோனெபெசில் (மறதிநோய்க்கு ஏற்கெனவே தரப்படும் மருந்து) பெறும் நோய் மாதிரிகள். முதல் இரண்டுக்கும் மருந்து கலக்காத கரைசலை மட்டும் கொடுங்கள். எது எந்தக் குழு என்பது சோதனை செய்பவருக்குத் தெரியக்கூடாது. குறியீட்டுத் தாள் வேறொருவரிடம் இருக்கட்டும்.

அடுத்து தொட்டி. 120 செ.மீ. அகலமுள்ள வட்டத் தொட்டி, ஏறக்குறைய 22 டிகிரி தண்ணீர், நச்சில்லாத வெள்ளைச் சாயம். 10 செ.மீ. மேடை ஒன்று நீர்மட்டத்துக்கு 1 செ.மீ. கீழே மறைந்திருக்க வேண்டும். சுவர்களில் பெரிய வட்டம், முக்கோணம் என்று ஒட்டுங்கள். மறைந்த மேடை எங்கே என்று நினைவில் வைக்கச் சுண்டெலிக்கு அவைதான் வழிகாட்டி. நீங்கள் நிற்கும் இடமும் அதற்கு ஓர் அடையாளம், அதனால் தினமும் ஒரே இடத்தில் நில்லுங்கள்.

இனி, பலரும் தாண்டிப் போகும் படி. மேடைமேல் சின்னக் கொடி நட்டு, கண்ணுக்குத் தெரியும்படி வைத்து நீந்தவிடுங்கள். சில இனச் சுண்டெலிகளுக்குப் பரம்பரையாகவே விழித்திரை சிதைந்துவிடும். கொடியையே பார்க்க முடியாத சுண்டெலியை மறதிக்காரன் என்று எழுதிவிட்டால் ஆய்வு முழுக்க வீண். தயவுசெய்து இதை விடாதீர்கள்.

சரி, பயிற்சி: 5 நாள், தினமும் 4 முறை, ஒவ்வொன்றும் 60 விநாடி. மருந்தை ஒவ்வொரு நாளும் நீந்துவதற்கு முன் ஒரே இடைவெளியில் கொடுங்கள். சுவரைப் பார்த்தபடி மெதுவாக நீரில் விடுங்கள். புறப்படும் இடத்தை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். மேடை கிடைக்கவில்லையா, கையால் வழிகாட்டி 15 விநாடி உட்காரவையுங்கள். அப்புறம் துண்டால் துடைத்து, சூடான கூண்டில் விடுங்கள். முதல் நாள் சுவரோரமாகவே சுற்றிச்சுற்றி வரும். கற்றுக்கொண்ட சுண்டெலி நான்காம் நாள் நீரில் விட்டதுமே தலையைத் திருப்பி மேடையை நோக்கிப் போகும்; பார்க்கவே அழகு.

ஆறாம் நாள் மேடையை எடுத்துவிட்டு 60 விநாடி நீந்தவிடுங்கள். மேடை இருந்த கால்வட்டத்தில் எவ்வளவு நேரம் தேடுகிறது? 25 சதவீதம் என்றால் வெறும் தற்செயல். நீச்சல் வேகத்தையும் பாருங்கள்: மருந்து தூக்கம் தந்தால் சுண்டெலி மெதுவாக நீந்தும், மறந்துவிட்டது போலத் தோன்றும்.

எல்லாக் கணக்கும் முடிந்த பிறகுதான் அந்தக் குறியீட்டுத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.