திறப்பு விழாவோடு நின்றுபோன தண்ணீர்: கம்பனிகளின் சமூகப் பொறுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வலிகாமத்தில் ஒரு பாடசாலை. மதிலோரமாக நீல நிறத் தாங்கி, அதன் கீழே நாலு பைப், பக்கத்தில் ஒரு கருங்கல் பலகை. கம்பனியின் பெயர், பணிப்பாளரின் பெயர், திறந்து வைத்த பிரமுகரின் பெயர், திகதி எல்லாம் தங்க எழுத்தில் இருந்தன. ஒரு பைப்பைத் திருகிப் பார்த்தேன். காற்றுத்தான் வந்தது. பக்கத்தில் நின்ற பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அது திறப்பு விழாவோட சரி, சேர்."

கணக்குப் பார்ப்பது என் தொழில். யாழ் நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள சிறு, நடுத்தர வியாபாரங்களின் புத்தகங்களைத்தான் நாள் முழுக்கப் புரட்டுகிறேன். அந்தத் தாங்கிக்கான காசு ஏதோ ஒரு பேரேட்டில் "கூட்டாண்மைச் சமூகப் பொறுப்பு" என்ற தலைப்பில் எழுதப்பட்டிருக்கும். பேச்சில் அதை எல்லோரும் சிஎஸ்ஆர் என்றே சொல்கிறோம். இதனால் வியாபாரத்துக்கு என்ன லாபம் என்று முதலாளிமார் கேட்பது வழக்கம். லாபம் உண்டு. வாடிக்கையாளரின் நம்பிக்கை, வேலையை விட்டு ஓடாத ஊழியர், ஊரோடு பிணக்கில்லாமல் தொழில் நடத்தும் நிம்மதி, வங்கியிடமும் வெளிநாட்டு வாங்குநரிடமும் ஒரு மரியாதை. நாலும் காசுதான். ஆனால் எங்கள் பக்கம் பலருக்கு அது கைக்கு வருவதில்லை. கொடுத்த தொகை போதாமல் அல்ல, கொடுத்த விதத்தில் ஏற்பட்ட பிழையால்.

பூட்டிவிட்டுப் போவது

தண்ணீர் விடயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் எல்லாக் கம்பனிக்கும் முதலில் தோன்றுவது அதுதான். நியாயமும்கூட. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் மழைநீர் இறங்கித் தேங்குகிறது, அதைக் கிணற்றால் எடுத்துக் குடிக்கிறோம். தோட்டத்துக்குப் போடும் உரமும் மலசலகூடக் குழியும் அதே கல்லின் வெடிப்புகளால் அதே தண்ணீருக்குள்தான் இறங்குகின்றன. அதனால் பல கிணறுகளில் நைத்திரேற்று கூடுதலாக இருக்கிறது. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

இதைத் தெரியாமல் சில கம்பனிகள் மணலும் கரியும் நிரப்பிய சாதாரண வடிகட்டியைப் பூட்டிவிட்டுப் போகின்றன. கலங்கலும் மணமும் போகும், நைத்திரேற்று போகாது. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். ஆர்ஓ இயந்திரம், அதாவது மெம்ப்ரேன் என்ற நுண்ணிய சவ்வால் தண்ணீரை அழுத்தி வடிக்கிற இயந்திரம், அதைப் பிடிக்கும். ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும், முன்வடிகட்டிகளை மாதக் கணக்கில் மாற்ற வேண்டும், மெம்ப்ரேன் பழுதானால் புதிது வாங்க வேண்டும், கழிவாகப் போகிற உப்புத் தண்ணீரை விட ஒரு இடமும் வேண்டும். அதிபரிடம் இதற்கெல்லாம் நிதி இல்லை. அப்புறம் என்ன, ஒரு தவணை ஓடும், அடுத்த தவணை நிற்கும்.

வியாபாரக் கண்ணால் பார்த்தாலும் இது மோசமான முதலீடு. வீதியில் கட்டிய பதாகை மழைக்குக் கிழிந்து போய்விடும். கருங்கல் கிழியாது. ஒவ்வொரு நாளும் பல நூறு பிள்ளைகள் தாகத்தோடு வந்து உங்கள் பெயரை வாசித்துவிட்டு வெறும் பைப்பைத் திருகுகிறார்கள். காசு கொடுத்து நீங்களே வைத்த எதிர்விளம்பரம் அது. கையில் பத்து லட்சம் இருந்தால் பத்தையும் இயந்திரத்தில் போடாமல், ஆறுக்கு ஒன்றைப் பூட்டி மிச்ச நாலைப் பராமரிப்புக்கு ஒதுக்குங்கள் என்பதுதான் என் ஆலோசனை. பூட்டுவதற்கு முன் தண்ணீரை ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்ப்பது அதற்கும் முந்திய வேலை.

வீட்டுக்குள் பசி, வெளியே அன்னதானம்

ஒரு கடை முதலாளி விளையாட்டுப் போட்டி ஒன்றுக்கு ஐந்து லட்சம் கொடுத்தார். நல்ல மனிசன், மனமுவந்துதான் கொடுத்தார். அதே மாதம் அவருடைய சம்பளப் பட்டியலைப் பார்த்தேன். வேலை செய்கிற பத்துப் பேரில் மூன்று பேருக்குத்தான் ஊழியர் சேமலாப நிதி கட்டப்பட்டிருந்தது. மிச்சப் பேர் "இன்னும் பழகினம்" என்றார். அதில் ஒரு பிள்ளை பழகத் தொடங்கி நாலு வருடம்.

சட்டம் கேட்பது இதுதான்: சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம். 45,000 ரூபாய் சம்பளக்காரருக்கு முதலாளியின் கையிலிருந்து போவது மாதம் 6,750 ரூபாய். இதைக் கட்டாமல் வெளியே எவ்வளவு கொடுத்தாலும் அது சமூகப் பொறுப்பு ஆகாது. அமெரிக்கப் பேராசிரியர் ஆர்ச்சி கரோல் 1991இல் இதை ஒரு பிரமிட்டாக வரைந்து காட்டினார். அடியில் லாபத்தோடு தொழில் நடத்துவது, அதற்கு மேல் சட்டத்தை மதிப்பது, அதற்கு மேல் நியாயமாக நடப்பது, உச்சியில்தான் கொடை. நாங்கள் பிரமிட்டைத் தலைகீழாக நிறுத்திவிட்டு ஏன் ஆடுகிறது என்று கேட்கிறோம்.

லாபம் எங்கே என்றால், இங்கேதான் ஆகக் கூட. நல்ல விற்பனையாளர் ஒருவர் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டால் புதியவரைப் பழக்க மாதக் கணக்காகும், அதற்குள் போன வாடிக்கையாளர் போனதுதான். ஒழுங்காக நிதி கட்டி, நாள் முழுக்க நிற்கிற பிள்ளைக்கு இருக்க ஒரு கதிரை கொடுத்து, இருட்ட முன்னம் பஸ் பிடிக்க விடுகிற கடையில் ஆட்கள் நிலைத்து நிற்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் உங்கள் கடையைப் பற்றி என்ன கதைக்கிறார்கள் என்பதை எந்த விளம்பரமும் வெல்லாது. யாழ்ப்பாணம் சின்ன ஊர்.

ஒரு கையால் கெடுத்து மறு கையால் கொடுப்பது

சுன்னாகத்தை இங்கே எவரும் மறக்கவில்லை. மின் நிலையச் சூழலில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம்வரை போனது. மின்சாரம் உற்பத்தி செய்த தனியார் கம்பனி பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று 2019இல் தீர்ப்பு வந்தது. வாளியில் அள்ளிய தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதப்பதைப் பார்த்த வீட்டுக்காரரிடம் கொப்பியும் பாடசாலைப் பையும் கொண்டுபோய் நீட்டினால் என்ன சொல்லியிருப்பார்?

அது பெரிய கதை, நாங்கள் சின்ன ஆட்கள் என்று நினைக்க வேண்டாம். வாகனம் கழுவுகிற இடத்தில் வாய்க்காலுக்குள் விடுகிற பழைய ஒயிலும், சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் ஊற்றுகிற எண்ணெயும், சாப்பாடு சுற்றி நாளாந்தம் கொடுக்கிற பொலித்தீன் லஞ்ச் சீற்றும் அதே கணக்குத்தான். உங்கள் தொழிலே உண்டாக்கும் கெடுதியைக் குறைப்பது முதல் சிஎஸ்ஆர். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்களையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். நல்ல காரியம், நானும் வாங்கிக் குடிக்கிறவன்தான். பிளாஸ்ரிக் கப்புக்குப் பதில் சில்வர் பேணி வைத்து, கழுவ ஒரு ஆளையும் விட்டால் இன்னும் நல்லது.

கேட்காமல் கொடுப்பதும் படம் பிடிப்பதும்

ஜனவரியில் நாலு பாடசாலைப் பைகள் கிடைத்த பிள்ளையை எனக்குத் தெரியும். நகரத்துக்குப் பக்கத்தில், பாதை நல்லாக இருக்கிற பாடசாலை அது. தீவுப் பக்கம் படகேறிப் போக வேண்டிய பாடசாலைக்கு அந்த வருடம் ஒன்றும் போகவில்லை. பாடநூலும் சீருடைத் துணியும் அரசாங்கம் கொடுக்கிறது. என்ன குறைகிறது என்று அதிபரையோ கிராம சேவையாளரையோ ஒரு தடவை கேட்டால் போதும். ஒருவேளை கணித ஆசிரியர் இல்லாத குறையாக இருக்கும். உங்களுடையது மென்பொருள் கம்பனி என்றால் சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் ஆள் அனுப்பலாம், நாலு வருடம் கழித்து அதே வகுப்பிலிருந்து உங்களுக்கு ஆள் வரும். கைவசம் உள்ள தொழிலோடு ஒட்டிய உதவி மலிவாகவும் முடிகிறது, நின்றும் பிடிக்கிறது.

படம் பற்றி ஒன்று. உதவி வாங்கும் பிள்ளையின் முகத்தை முகநூலில் போடாதீர்கள். வறுமையை மறைத்து மானத்தோடு வாழ்கிற சனம் இது. அந்தப் படம் பிள்ளையின் வகுப்புக்கு முழுக்கப் போகும். தாய் உங்கள் கடை வாசலை மறுபடி மிதிக்க மாட்டாள், அதை உங்களிடம் சொல்லவும் மாட்டாள். விற்பனைக் குறைவுக்குக் காரணம் தேடுகிற கூட்டத்தில் இது ஒருபோதும் வராது.

விளம்பரக் கணக்கில் எழுதுவது

தமிழ்நாட்டு யூடியூப் பார்த்துவிட்டு "சிஎஸ்ஆருக்கு லாபத்தில் 2 வீதம் கட்டாயமா?" என்று முதலாளிமார் கேட்கிறார்கள். அது இந்தியாவின் 2013ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டம். அங்கேயும் குறித்த அளவுக்கு மேற்பட்ட கம்பனிகளுக்கு மட்டும், முந்திய மூன்று வருடச் சராசரி லாபத்தில். இலங்கையில் அப்படியொரு கட்டாயம் இல்லை. இல்லை என்பதால்தான் இங்கே இது சந்தைப்படுத்தல் பிரிவின் மிச்சக் காசில் நடக்கிறது. அடுத்த மாத விற்பனை ஏறவில்லை என்றதும் நிறுத்திவிடுகிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் முதலில் வெட்டுப்பட்டதும் இதுதான், ஊருக்கு மிக வேண்டியிருந்த நேரத்தில்.

காலம் மாறுகிறது. மத்திய வங்கி 2019இல் நிலைபேறான நிதிக்கு ஒரு வழிவரைபடமும், 2022இல் பசுமை நிதி எதுவென்று வகைப்படுத்தும் ஆவணமும் வெளியிட்டது. கடன் கேட்டுப் போனால் கழிவை என்ன செய்கிறீர்கள் என்ற கேள்வி வரத்தான் போகிறது. வெளிநாட்டு வாங்குநர் அனுப்பும் படிவத்தில் ஊழியர் நலன், பாதுகாப்பு, சுற்றுச்சூழல் பற்றிப் பக்கம் பக்கமாகக் கேட்கிறார்கள். அதற்குப் பதிலாகத் திறப்பு விழாப் படத்தை ஒட்ட முடியாது. மூன்று வருடச் சம்பளப் பட்டியலும் கழிவு அகற்றிய பற்றுச்சீட்டும்தான் அங்கே செல்லும்.

என் வாடிக்கையாளரில் ஒருவர் பேக்கரி வைத்திருக்கிறார். பக்கத்து ஆரம்பப் பாடசாலையில் வேறு யாரோ பூட்டி நின்றுபோன ஆர்ஓ இயந்திரம் ஒன்றைத் திருத்தி, நாலு வருடமாக அவர்தான் பார்க்கிறார். பலகை வைக்கவில்லை. வடிகட்டி மாற்றிய திகதிகளை இயந்திரத்துக்கு மேலே சுவரில் மார்க்கரால் எழுதியிருக்கிறார், ஒன்றின் கீழ் ஒன்றாக. பிறந்தநாள் கேக் ஓடர் பாதி அந்தப் பாடசாலைப் பெற்றோரிடமிருந்து வருகிறது என்பது அவர் வாய்க்கணக்கு. இந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுத என்று ஒருமுறை கேட்டேன்.

"பராமரிப்பு எண்டு போடுங்கோ, தம்பி."

போறணை திருத்துகிற செலவுக்கு அடுத்த வரியில் எழுதினேன்.