கிளேரோனின் வாழ்க்கையை எழுத உட்காரும் முன்

பதினெட்டாம் நூற்றாண்டு பாரிஸ் நடிகை ஒருவரைப் பற்றி எழுத நினைத்தால் கிளேரோனை (1723–1803) எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவருடைய நினைவுக்குறிப்புகளில் இருந்து ஆரம்பிக்காதீர்கள். எழுபது வயதைத் தாண்டி வெளியிட்ட புத்தகம் அது. தனக்கு ஞானஸ்நானம் செய்த பாதிரியார் அப்போது திருவிழாக் கோமாளி வேஷத்தில் இருந்தார் என்கிறார், செத்துப்போன காதலன் ஆவியாக வந்து தொல்லை கொடுத்தான் என்றும் சொல்கிறார். சுவாரசியம்தான், ஆனால் ஆதாரமாக வைக்க முடியாது. அவர் இளம் நடிகையாக இருந்தபோதே யாரோ அச்சடித்துவிட்ட ஆபாசக் கதைப் புத்தகம் அதைவிட மோசம், அதை வதந்தி எப்படிப் பரவியது என்று காட்ட மட்டும் பயன்படுத்துங்கள்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? கொமெடி ஃபிரான்சேஸ் நாடகக் குழுவின் பதிவேடுகளில். எந்த நாளில் எந்த நாடகம், வசூல் எவ்வளவு என்று அன்றன்றைக்கு எழுதி வைத்திருக்கிறார்கள், இப்போது இணையத்திலும் பார்க்கலாம். தேதிகளை முதலில் வரிசைப்படுத்திக்கொண்டு, அப்புறம் அவர் சொல்லும் கதைகளை அதன் மேல் வைத்துப் பாருங்கள். 1743இல் அவரைச் சேர்த்தது நகைச்சுவைப் பணிப்பெண் வேடங்களில் நடிகை டாஞ்செவிலுக்கு மாற்று ஆளாக நிற்க. அவரோ முதல் வேடமாக 'ஃபெத்ர்' சோக நாடகத்தின் நாயகி வேடத்தையே கேட்டு வாங்கி ஜெயித்தார்.

அதிகப் பக்கம் கொடுக்க வேண்டியது 1750களுக்கு. அதுவரை வசனத்தை ராகம் போட்டு முழங்கியவர், 1752 வாக்கில் போர்தோ நகரில் இயல்பான குரலில் பேசிப் பார்த்தார், முதலில் திகைத்த கூட்டம் பிறகு சொக்கிப்போனது. 1755இல் வால்டேரின் 'சீன அநாதை' நாடகத்தில், பாவாடையை இரண்டு பக்கமும் விரித்துக் காட்டும் அந்தப் பெரிய சட்டகம் இல்லாமல் மேடையேறினார். இதே இடத்தில் போட்டியாளர் டியூமெனிலையும் கொண்டுவாருங்கள். கிளேரோன் யோசித்து யோசித்துச் செதுக்குபவர், டியூமெனில் உணர்ச்சி வந்தால் அள்ளிக் கொட்டுபவர் என்று எழுத்தாளர் திதெரோ இருவரையும் ஒப்பிட்டிருக்கிறார். கிளேரோனின் நினைவுக்குறிப்புகளுக்கு மறுப்பாக டியூமெனில் பெயரிலும் ஒரு புத்தகம் வந்தது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், சண்டை நன்றாகவே புரியும்.

திருச்சபை விஷயத்தை ஒரு வரியில் கடந்துவிடாதீர்கள். அன்று நடிகர்கள் சபைக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள். 1730இல் நடிகை அட்ரியென் லெக்குவ்ரர் இறந்தபோது கிறிஸ்தவ அடக்கமே மறுக்கப்பட்டது. 1761இல் கிளேரோன் இதை எதிர்த்து ஒரு வக்கீலை எழுதவைத்தார், புத்தகத்தை எரித்தார்கள், வக்கீலின் தொழிலும் போனது. 1765இல் வைத்தியர் கட்டண வழக்கில் பொய் சொன்னதாகக் குற்றம் சாட்டப்பட்ட சக நடிகர் துபுவாவோடு மேடையேற மறுத்ததற்காக கிளேரோனும் வேறு சிலரும் ஃபோர்-லெவேக் சிறைக்குப் போனார்கள். அடுத்த வருடமே கொமெடி ஃபிரான்சேஸை விட்டு விலகினார். இந்த மூன்று சம்பவங்களையும் ஒரே அத்தியாயத்தில் எழுதினால், அவர் ஏன் 43 வயதில் விலகினார் என்று தனியாக விளக்க வேண்டி வராது.

ஆன்ஸ்பாக் சிற்றரசரோடு ஜெர்மனியில் கழித்த காலத்தைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம்.