ரங்கூன் நினைவுத் தூண்களில் தாத்தாவின் பெயரைக் கண்டுபிடிக்க

பர்மாவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், "தாத்தா பட்டாளத்துக்குப் போனார், திரும்பவில்லை" என்ற ஒரு வரிதான் மிச்சம். உயிரைக் கொடுத்தவருக்கு அந்த ஒரு வரி போதாது. யாங்கோனுக்கு (அன்றைய ரங்கூன்) வடக்கே சுமார் 35 கிலோமீட்டரில், பியே சாலையோரம் தவுக்யான் போர்க் கல்லறை இருக்கிறது. அங்கே இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் 6,374 கல்லறைகள். அடக்கம் செய்த இடம் தெரியாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் அதே வளாகத்தில் நிற்கும் ரங்கூன் நினைவுத் தூண்களில் உள்ளன. தகனம் செய்யப்பட்டவர்களுக்குத் தனிச் சின்னம் உண்டு.

முதலில் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறங்கள். அதில் பர்மா ஸ்டார் இருக்கிறதா பாருங்கள். பர்மா போர்முனையில் பணியாற்றியவர்களுக்குக் கொடுத்த பதக்கம் அது, ஆறு முனை நட்சத்திரம். அதன் ரிப்பனின் நடுவே சிவப்புப் பட்டை. பிரிட்டிஷ் படையினருக்குப் பெயர் பொறிக்காமல் வழங்கிய இந்த நட்சத்திரத்தை இந்தியப் படையினருக்கு படை எண்ணும் பெயரும் பொறித்தே கொடுத்தார்கள். பின்பக்கம் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் எழுத்து எழுந்து தெரியும். பிராஸோ பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கிவிடும். அந்த எண்தான் உங்கள் சாவி.

அடுத்து, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள். பெரும்பாலானோர் சறுக்குவது பெயரில்தான். இந்தியப் படையினரின் முழுப் பெயரும் பெரும்பாலும் குடும்பப் பெயருக்கான கட்டத்திலேயே இருக்கும். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் முனியசாமி 'மூனசாமி' ஆகியிருப்பார். உகரத்துக்கு 'யூ'வும் 'டபுள் ஓ'வும், ழகரத்துக்கு 'எல்'லும் 'ஸெட்-எச்'சும் போட்டுப் பாருங்கள். எண் கையில் இருந்தால் இந்தப் பாடு இல்லை.

பர்மாவிலேயே சேர்ந்தவர் என்றால் மதராஸ் ரெஜிமென்டோடு நிறுத்தாதீர்கள். பர்மா ரைபிள்ஸ், பர்மா ஃபிரான்டியர் ஃபோர்ஸ், சப்பர்கள் (பொறியியல் படை), சர்வீஸ் கோர் (போக்குவரத்து, உணவு வழங்கல் படை) எல்லாவற்றையும் பாருங்கள். சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர் பெயர்களும் பட்டியலில் உண்டு. அவர்களும் போர்முனையில் மாண்டவர்களே. 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இறந்தவர்கள் மட்டுமே இதில் வருவார்கள். நேதாஜியின் ஐ.என்.ஏ. (இந்திய தேசிய ராணுவ) வீரர்களையும், சயாம் ரயில் பாதையில் மடிந்த தமிழ்க் கூலிகளையும் இங்கே தேடிப் பயனில்லை.

பதிவு கிடைத்ததும் 'ஃபேஸ்' என்று குறித்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் தூண் முகம் என்பது அதுதான். பெயர்கள் படைப்பிரிவு வாரியாக, அதற்குள் பதவி வாரியாக, பிறகு ஆங்கில அகர வரிசையில் இருக்கும். இந்த முக எண்ணைக் குறிக்காமல் போனால் நாள் முழுக்கச் சுற்ற வேண்டியதுதான்.

படம் எடுக்கக் காலையோ மாலையோ போங்கள். உச்சி வெயிலில் பொறிப்பு தட்டையாகிவிடும். நிழலில் இருக்கும் முகத்துக்கு, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடியுங்கள். எழுத்து தெரியவேண்டுமென்று சாக்பீஸ் தடவாதீர்கள். விபூதி, குங்குமம், எண்ணெய் எதையும் கல்லில் பூச வேண்டாம், கறை போகாது. அகல் விளக்கைத் தட்டில் வைத்துத் தரையில் ஏற்றுங்கள்.

அர்ப்பணிப்பு வாசகம் ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குருமுகியில் (பஞ்சாபி எழுத்து) உள்ளது, தமிழில் இல்லை. வருகைப் பதிவேட்டில் அவர் பெயரையும் ஊரையும் தமிழிலேயே எழுதிவிட்டு வாருங்கள்.