லாட்ஜ் சாஃப்ட்வேரில் பேமென்ட் கமிஷன்: எங்கே தொடங்குவது?

வேலூரில் சிஎம்சியைச் சுற்றியுள்ள தெருக்களில் தமிழ்ப் பலகைக்குப் பக்கத்திலேயே வங்காளிப் பலகையும் தொங்கும். வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்கில் தங்குகிறவர்களை நம்பித்தான் அங்கே அத்தனை லாட்ஜுகள். அவற்றுக்கு மாதச் சந்தாவில் பில்லிங் சாஃப்ட்வேர் தருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சந்தா ₹800, லாட்ஜுகள் 40, ஆக மாதம் ₹32,000. ஆனால் ஒரு லாட்ஜுக்கு மாதம் ₹3 லட்சம் அறை வாடகை வசூலாகிறது என்றால், உங்கள் சாஃப்ட்வேரில் பில் ஆவது ₹1.2 கோடி. அந்த வசூலும் சாஃப்ட்வேர் வழியாகவே நடந்தால், அதற்குப் பிடிக்கும் கட்டணத்தில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

படி 1: கணக்குப் போடுங்கள்.
₹1.2 கோடியில் உங்கள் பங்கு 0.2% என்றால் ₹24,000 ஆயிற்றே என்று துள்ள வேண்டாம். யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரியிலிருந்து எம்டிஆர், அதாவது கடைக்காரரிடம் பிடிக்கும் கட்டணம், கிடையாது. கட்டணமே இல்லாத இடத்தில் பங்கு ஏது? ஒரு லாட்ஜின் ரிசப்ஷனில் உட்கார்ந்து ஒரு மாத ரசீதுகளைப் புரட்டுங்கள். ரொக்கமும் யுபிஐயும் போக, மற்ற கார்டுகளில் வருவது 20% என்றால் ₹24 லட்சம். உங்கள் பங்கு ₹4,800. அவ்வளவுதான். என்னைக் கேட்டால் உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. பணம் வந்ததும் பில் தானாகவே அடைபட்டுவிட்டால், அந்த லாட்ஜ்காரர் வேறு சாஃப்ட்வேருக்குப் போக யோசிப்பார்.

படி 2: பணத்தை உங்கள் கணக்கில் வாங்காதீர்கள்.
வாங்கிப் பிரித்துக் கொடுத்தால் அது பேமென்ட் அக்ரிகேட்டர் வேலை. ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும். விண்ணப்பிக்கவே ₹15 கோடி நிகர மதிப்பு வேண்டும். நமக்கு எதற்கு? ரேஸர்பே, கேஷ்ஃப்ரீ போன்ற பேமென்ட் கேட்வே நிறுவனம் ஒன்றில் பார்ட்னராகச் சேருங்கள். வாடகை நேராக லாட்ஜின் கணக்குக்கும், கமிஷன் உங்கள் கணக்குக்கும் போகட்டும்.

படி 3: கமிஷன் எதன்மேல் என்று கேளுங்கள்.
"கட்டணத்தில் 10%" என்றால் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும். கட்டணம் 2% என்றால் அதுவும் பில் தொகையில் 0.2% தான். நாளைக்கு லாட்ஜ்காரர் பேரம் பேசிக் கட்டணத்தைக் குறைத்தால் உங்கள் பங்கும் தேயும். எழுத்தில் வாங்குங்கள்.

படி 4: கேஒய்சி, அதாவது லாட்ஜ்காரரின் ஆவணச் சரிபார்ப்பு.
வேலை இழுப்பது இங்கேதான். பலகையில் ஒரு பெயர், பான் கார்டு அப்பா பெயரில், வங்கிக் கணக்கு மகன் பெயரில் என்று இருக்கும். மூன்றும் ஒத்துப்போகாமல் விண்ணப்பத்தை அனுப்பாதீர்கள்.

படி 5: பில்லில் பேமென்ட் லிங்க் சேருங்கள்.
அப்புறம் ரீஃபண்டையும் சோதித்துப் பாருங்கள். கார்டில் ₹5,000 அட்வான்ஸ் கட்டியவர் சீக்கிரமே டிஸ்சார்ஜ் ஆகி ஊர் திரும்பினால் முழுப் பணமும் அவருக்குப் போய்விடும். ஆனால் 2% கட்டணமும் அதன்மேல் 18% ஜிஎஸ்டியும் சேர்ந்த ₹118 பெரும்பாலும் லாட்ஜுக்குத் திரும்பி வராது. அது எங்கே போனது என்று லாட்ஜ்காரர் கேட்வேயைக் கேட்க மாட்டார், ராத்திரி பத்து மணிக்கு உங்களுக்குத்தான் போன் போடுவார். இணைத்துக் கொடுக்கிற அன்றைக்கே இந்தக் கணக்கை அவருக்குப் போட்டுக் காட்டிவிடுங்கள்.