சிறுநீரக ஆர்கனாய்டில் மருந்து நச்சு பார்க்கிறீர்களா? இவற்றைத் தவிர்த்துவிடுங்கள்

ஆர்கனாய்டு என்றால் ஸ்டெம் செல்லிலிருந்து தட்டில் வளர்க்கும் குட்டித் திசு. மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்குமா என்று அதில் போட்டுப் பார்க்கிறோம். தஞ்சாவூரில் எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், எங்கள் காலத்துத் தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். பூஞ்சை பிடிப்பது, லேபிள் ஒட்ட மறப்பது எல்லாம் தானாகத் தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சிஸ்பிளாட்டினை டிஎம்எஸ்ஓவில் கரைப்பது

டிஎம்எஸ்ஓ என்பது ஆய்வகங்களில் மருந்துகளைக் கரைக்க வைத்திருக்கும் திரவம். ஆனால் சிஸ்பிளாட்டினை அதில் கரைப்பதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது ஊரறிந்த விஷயம். அதனால்தான் வளர்த்த திசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க முதலில் அதைப் போடுகிறோம். குறுவை நடவு சமயம் ஒரு மாணவி தட்டோடு வந்தாள்.

"சார், டோஸ் ஏத்தி ஏத்திப் பாத்துட்டேன். ஒண்ணுமே ஆகல."

மைக்ரோஸ்கோப்பில் குழல்கள் கொழுகொழுவென்று இருந்தன. செல் புண்பட்டால் தலைகாட்டும் கிம்-1 புரதத்தையும் காணோம்.

"எதுலம்மா கரைச்சே?"

"எல்லா மருந்தும் மாதிரி டிஎம்எஸ்ஓலதான் சார்."

போச்சு. இந்த மருந்தில் பிளாட்டினத்தோடு இருக்கும் குளோரைடைத் தள்ளிவிட்டு டிஎம்எஸ்ஓவின் கந்தகம் அங்கே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அது டிஎன்ஏவைப் பிடிக்கிற பழைய மருந்து இல்லை. அதே வகை மருந்தான கார்போபிளாட்டினுக்கும் இதே கதிதான். 2014லேயே கேன்சர் ரிசர்ச் இதழில் விளக்கமாக எழுதிவிட்டார்கள். ஆனாலும் 'ஸ்டாக் எல்லாம் டிஎம்எஸ்ஓவில்' என்று சுவரில் ஒட்டிய தாளைத்தான் பிள்ளைகள் நம்புகிறார்கள்.

ஸ்டெம் செல்லிலிருந்து இந்தத் திசு வளர மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். வளர்க்கப் போடும் எஃப்ஜிஎஃப்9 என்ற வளர்ச்சிப் புரதத்தின் விலையைக் கேட்டாலே தலை சுற்றும். நடுவில் கரண்ட் போனால் இன்குபேட்டருக்காக ஜெனரேட்டர் பக்கத்தில் நிற்க வேண்டும். அத்தனையும் செத்த மருந்துக்காக!

சிஸ்பிளாட்டினை 0.9% சலைனில், அதாவது உப்பு நீரில், மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் கரையுங்கள். சுமார் 3.3 மில்லிமோலார் வரும், அது தாராளம். வெளிச்சம் படக்கூடாது. ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், படிந்து அடியில் இறங்கிவிடும். மருந்து போடாமல் ஒப்பிட வைக்கும் கன்ட்ரோல் வெல்லுக்கும் (தட்டின் குழி) அதே அளவு சலைன்.

ஜென்டாமைசின் கலந்த மீடியத்தில் ஜென்டாமைசினைச் சோதிப்பது

ஜென்டாமைசின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஆன்டிபயாடிக். செல் வளர்க்கும் திரவமான மீடியத்திலேயே, கிருமி வராமலிருக்க அதைக் கலந்திருக்கலாம். அப்படியானால் கன்ட்ரோலிலும் அதே மருந்துதான். பாட்டில் லேபிளைப் படியுங்கள்.

வாசல் இல்லாத செல்

எச்ஐவி மருந்தான டெனோஃபோவிர் குழல் செல்லுக்குள் நுழைவது முக்கியமாக ஓஏடி1 என்ற கடத்திப் புரதம் வழியாக. பலரும் வாங்கும் எச்கே-2 என்ற சிறுநீரகக் குழல் செல்லில் அது கிட்டத்தட்ட இல்லை. மருந்து உள்ளேயே போகாமல் 'நச்சில்லை' என்று முடிவு வரும். ஆர்கனாய்டும் கருவிலிருக்கும் குழந்தையின் சிறுநீரகம் அளவுக்குத்தான் முதிர்ந்தது. கடத்திகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

வலி மாத்திரை

மன்னார்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன் டைக்ளோஃபெனாக்கைச் சோதிக்க ஆசைப்பட்டான். நடவுக்குப் போய்வந்து இடுப்பு வலிக்கு அதைப் போடுகிறவர்களை வீட்டிலேயே பார்த்தவன். நல்ல கேள்விதான். ஆனால் அந்த வகை மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் முக்கிய வழி, உள்ளே போகும் இரத்தத்தைக் குறைப்பது. தட்டில் கிடக்கும் திசுவில் இரத்த ஓட்டமே கிடையாது. நேரடியாகச் செல்லைக் கொல்கிறதா என்று மட்டும் பார், தலைப்பிலேயே அப்படி எழுது என்று சொல்லி அனுப்பினேன்.